முதல் ஊசி யாருக்கு?

மலர்க்குழு நண்பனிடமிருந்து போன். "ஏதாவது எழுதுடா. ஆனா பாலம், கான்கிரீட் வேண்டாம். சிவில்காரனுங்க எல்லாரும் அதையேதான் எழுதுறானுங்க" என்றான். எனக்குத் தெரிந்தது மண்ணும் கான்கிரீட்டும்தான். ஆனால் என் வீட்டில் இன்னொரு தொழிலும் நடக்கிறது. என் மனைவி பல் டாக்டர். ஆகவே இந்தக் கட்டுரை பல்லைப் பற்றியது. கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இடையில் கொஞ்சம் தீனி இருக்கிறது, பொறுமையாகப் படிக்கவும்.

2019இல் வேலை நிமித்தமாக நாங்கள் அமெரிக்காவில் இருந்தோம். நம் ஊர் பி.டி.எஸ். அங்கே செல்லாது என்பதால், வெளிநாட்டுப் பல் டாக்டர்களுக்கென்று நடத்துகிற இரண்டு வருஷப் படிப்பில் அவள் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பேசினால் குழறுகிறது. ரசம் சாதம் சாப்பிட உட்கார்ந்தால் வலது வாயோரமாக ரசம் வழிகிறது, அது அவளுக்கே தெரியவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கவாதமோ என்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனேன்.

"ஒண்ணுமில்லீங்க. இன்னிக்கு கிளாஸ்ல ஒருத்தருக்கொருத்தர் ஊசி போட்டுக்கிட்டோம்" என்றாள்.

"நீதான் ஊர்ல ஆறு வருஷமா ஊசி போட்டுக்கிட்டு இருந்தியே?"

"போட்டிருக்கேன். வாங்கினதில்லை."

அவளுக்கு நல்ல பல். சொத்தை என்று ஒன்று வந்ததே கிடையாது. நூற்றுக்கணக்கான பேருக்குப் போட்ட அந்த ஊசி எப்படி இருக்கும் என்று 29 வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இது வழக்கம். மாணவன் தன் முதல் ஊசியை நோயாளிக்குப் போடுவதில்லை, பக்கத்து பெஞ்சில் இருக்கிறவனுக்குப் போடுகிறான். அப்புறம் நாற்காலி மாறி உட்கார்ந்து, அவனிடம் தான் வாங்கிக்கொள்கிறான்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஆர்வம். ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த ஊசியின் சரித்திரம் பூராவும், முதலில் வாயைத் திறந்து காட்டியவர்களின் சரித்திரம்தான்.

1844 டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் ஒரு வேடிக்கை நிகழ்ச்சிக்குப் போனார். சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்ஸைடை முகரவைத்து, ஆட்கள் கூத்தடிப்பதைக் காட்டுகிற காட்சி. முகர்ந்தவர்களில் ஒருவன் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் நின்றதை வெல்ஸ் கவனித்துவிட்டார். மறுநாளே அந்த வாயுவைத் தானே முகர்ந்து, இன்னொரு டாக்டரைக் கொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலிக்கவில்லை. நோயாளி யாரையும் அவர் தேடவில்லை. அவருடைய பிற்கால வாழ்க்கை சோகமானது. அது வேறு கதை.

ஆனால் வாயு என்பது ஆளையே மயக்குகிற வேலை. நம் கதை, ஆள் விழித்திருக்கும்போதே ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது. (ஊரில் இதையும் 'மயக்க ஊசி' என்றுதான் சொல்கிறோம். யாரும் மயங்குவதில்லை. அப்படி மயங்கினால் அது பயத்தில்தான்.) அதற்கு 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்தின் பெயரைக் கேட்டால் இன்று போலீஸ் வரும். கொக்கெய்ன்.

வியன்னாவில் கார்ல் கொல்லர் என்று ஓர் இளம் டாக்டர், 27 வயது நிரம்பவில்லை. கொக்கெய்னை வாயில் வைத்தால் நாக்கு மரக்கும் என்பது அன்று பலருக்கும் தெரியும். கண்ணில் விட்டால் என்ன என்று யோசித்தவர் கொல்லர். முதலில் தவளை, பிறகு முயலும் நாயும். அதன்பின் அவரும் சோதனைச்சாலை உதவியாளர் கேர்ட்னரும் ஒருவர் கண்ணில் ஒருவர் சொட்டு விட்டுக்கொண்டார்கள். எதிரே கண்ணாடியை வைத்துக்கொண்டு, குண்டூசியால் தங்கள் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். தெரியவில்லை! 1884 செப்டம்பரில் ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்கள் மாநாடு. ரயிலுக்குக் காசில்லாததால் கொல்லர் போகவில்லை, அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். சில வாரங்களில் செய்தி நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், அவருடைய சகா ரிச்சர்டு ஹால், சுற்றிலும் சில உதவியாளர்கள், மாணவர்கள். சொட்டு விட்டால் மேல்தோல்தான் மரக்கிறது. நரம்பு போகிற பாதையிலேயே மருந்தை ஊசியால் செலுத்தினால், அந்த நரம்பு ஆளுகிற பகுதி முழுக்க மரக்க வேண்டுமே? மெயின் லைனில் வால்வை மூடினால் தெருவுக்கே தண்ணீர் நிற்கிற மாதிரி. அந்த மாதங்களில் இவர்கள் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுக்கொண்டு நரம்பு நரம்பாகச் சோதித்தார்கள். ஹாலுக்கு ஒரு முன்பல் அடைக்க வேண்டியிருந்தது. கொக்கெய்ன் ஊசி போட்டுக்கொண்டு அடைத்துக்கொண்டார்.

கீழ்த்தாடை நரம்புக்கு ஹால்ஸ்டெட் போட்ட ஊசியின் விவரத்தை, 1884 டிசம்பரில் வெளிவந்த ஹாலின் கட்டுரை சொல்கிறது. வாங்கிக்கொண்டவர் ஒரு மருத்துவ மாணவர். மருந்து அரை மில்லியை ஒட்டிய அளவு. சில நிமிஷங்களில் அந்தப் பக்கத்து நாக்கு நடுக்கோடு வரை மரத்தது, ஈறு மரத்தது, பற்களைத் தட்டிப் பார்த்தால் தெரியவில்லை. இன்று உலகத்தில் எந்தப் பல் ஆஸ்பத்திரியில் கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாலும் போடுகிற ஊசியின் மூதாதை இதுதான். ஆக, அது முதலில் இறங்கியதே ஒரு மாணவன் வாயில். என் மனைவியிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பையன் அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பான்?" என்று கேட்டாள்.

அவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் போவது தப்பு. கொக்கெய்ன் எப்படிப்பட்ட சனியன் என்று அன்று யாருக்கும் தெரியாது. சோதனைக்குப் போட்டுக்கொண்டது பழக்கமாகி, பழக்கம் பிடித்துக்கொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அறுவைகளில் அந்த மருந்தைப் பயன்படுத்திய அனுபவத்தை ஹால்ஸ்டெட் 1885இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதன் முதல் வாக்கியமே எங்கோ ஆரம்பித்து எங்கோ போய் முடிகிறது. போதையில் எழுதியது. 1886இல் அவரை ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். கொக்கெய்னை விடுவிக்க மார்ஃபின் கொடுத்தார்கள். மார்ஃபின் கடைசி வரை விடவில்லை. அந்த நிலையிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அமெரிக்க அறுவை சிகிச்சையையே மாற்றியமைத்தார். அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறை வந்ததிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஹாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கலிஃபோர்னியாவுக்குப் போய் 1897இல் இறந்தார். ஹாலும் இன்னும் இரண்டு உதவியாளர்களும் அந்தப் பழக்கத்திலிருந்து மீளாமலே போய்ச் சேர்ந்தார்கள் என்று 1918இல் ஹால்ஸ்டெட் தன் நண்பர் ஆஸ்லருக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். 1922இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் சங்கம் ஹால்ஸ்டெட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. அதே வருஷம் அவரும் காலமானார். அந்த இரண்டு உதவியாளர்களுக்குப் பதக்கம் கொடுக்க யார் இருந்தார்கள்?

நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு கிளைக்கதை. 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர், முதுகுத்தண்டில் மருந்து ஏற்றி இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் முறையைத் தன்மேலேயே சோதித்துப் பார்க்க நினைத்தார். ஊசி குத்தியது உதவியாளர் ஹில்டெபிராண்ட். முதுகில் ஊசி இறங்கிய பிறகுதான், கையிலிருக்கிற சிரிஞ்ச் அந்த ஊசியில் பொருந்தவில்லை என்று தெரிந்தது. ஃபிட்டிங் சரியில்லை! மருந்தும் தண்டுவட நீரும் வெளியே வழிந்தன. சோதனை தோல்வி. 'சரி, எனக்குப் போடுங்கள்' என்று ஹில்டெபிராண்ட் படுத்துக்கொண்டார். அவருக்கு நன்றாக மரத்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள், தெரியவில்லை. சந்தோஷத்தில் இருவரும் ஒயினும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். மறுநாள் முதல் பியருக்கு ஒன்பது நாள் தலைவலி. ஹில்டெபிராண்டின் கால் முழுக்கக் கன்றிப் போயிருந்தது. இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

கொக்கெய்னுக்கு மாற்று தேடியது வேதியியல்காரர்கள். ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகெய்ன், 'நோவகெய்ன்' என்ற பெயரில் 1905 முதல் புழக்கத்துக்கு வந்தது. பழக்கம் பிடிக்காத மருந்து. பெரிய அறுவைகளுக்காக ஐன்ஹார்ன் செய்ததைப் பல் டாக்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் அவருக்கு வருத்தம் என்று ஒரு கதை உண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது ஸ்வீடன் கதை. 1930களில் அங்கே ஒரு வேதியியல் சோதனைச்சாலையில், தயாரித்த பொருளை நாக்கில் தொட்டு ருசி பார்த்தார்கள். (கெமிக்கல் நண்பர்களே, நம் லேபில் இதைச் செய்திருந்தால் டி.சி. கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.) நாக்கு மரத்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன நில்ஸ் லோஃப்கிரென், 1943இல் லிடோகெய்ன் என்ற பொருளைத் தயாரித்தார். அவருடைய இளம் சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ன செய்தார் தெரியுமா? நரம்பில் எங்கே, எப்படிக் குத்துவது என்று சொல்லும் புத்தகத்தை வாங்கிவந்து, தனக்குத் தானே குத்திச் சோதித்தார். 'சைலோகெய்ன்' என்ற பெயரில் 1948இல் அஸ்ட்ரா கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் லிக்னோகெய்ன் என்கிறோம். இந்த மலரைப் படிக்கிறவர்களில் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லாருக்கும் அநேகமாக உள்ளே போனது அதுதான். அமெரிக்காவில் அது ஒரு கண்ணாடிக் குழலில், 1.8 மில்லி, அளந்து அடைத்து வருகிறது. முதல் உலகப் போரின்போது ஹார்வி குக் என்ற ராணுவ டாக்டர் துப்பாக்கித் தோட்டாவைப் பார்த்துப் பிடித்த யோசனை அது. நம் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நான் கேள்விப்பட்ட வரை 30 மில்லி குப்பியும் பிளாஸ்டிக் சிரிஞ்சும்தான்.

இனி அந்த ஊசியின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பழக்கம் ஏன் வேண்டும் என்பது விளங்கும். கீழ்த்தாடை நரம்பு, தாடை எலும்பின் உள்பக்கமாக ஒரு துளையில் நுழைகிறது. அந்தத் துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லி, கட்டைவிரலால் எலும்பின் பள்ளத்தைத் தடவிப் பிடித்து, எதிர்ப்பக்கத்துப் பற்களின் மேலிருந்து சிரிஞ்சை நீட்டி, 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊசியை இறக்க வேண்டும். எலும்பில் தட்டுப்பட்டதும் ஒரு மில்லிமீட்டர் பின்னே இழுத்து, ரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, ஒரு நிமிஷம் எடுத்து மெதுவாக மருந்தைச் செலுத்த வேண்டும். எங்கள் தொழிலில் போர் போடுகிற மாதிரி. மேலே நின்றுகொண்டு, அடியில் இருப்பதைக் கைக்கு வருகிற அதிர்விலிருந்து ஊகிக்கிற வேலை. ரொம்பப் பின்னால் போய்விட்டால் முகத்து நரம்பு மரத்து, சில மணி நேரம் கண்ணை மூட முடியாது. நாக்கு நரம்பில் முனை பட்டால் கரண்ட் அடித்த மாதிரி ஒரு உதறல். நன்றாகப் பழகியவர்களுக்கே 100க்கு 15 முதல் 20 தடவை பிடிக்காமல் போகும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் கோ-கேட்ஸ் 1973இல் ஒரு வழி, வஸிரானி 1960இலும் நைஜீரியாவின் அகினோசி 1977இலும் வாயை மூடியபடியே போடுகிற இன்னொரு வழி என்று புதிது புதிதாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு வேலைக்கு இத்தனை மாற்று டிசைன் இருந்தால் என்ன அர்த்தம் என்று என்ஜினீயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊசியைத்தான் அவள் வகுப்பில் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உடம்பு சரியில்லாதவர்கள், வேண்டாம் என்கிறவர்கள் விலகிக்கொள்ளலாம். ஆசிரியர் பக்கத்திலேயே நின்றார். இதிலும் கோளாறு இல்லாமல் இல்லை. மார்க் போடுகிறவர் எதிரில் நிற்கும்போது, வகுப்பே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது, 'எனக்கு வேண்டாம் சார்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? தேவையில்லாத ஊசியை ஆரோக்கியமான வாயில் போடுவது நியாயமா என்று அங்கேயே பேராசிரியர்கள் எழுதி வாதாடுகிறார்கள். பொம்மைத் தாடையில் பழக்குகிற கல்லூரிகளும் உண்டு. அந்த வாதத்தில் நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். கடைசியில் என்னை ஒரு பக்கம் தள்ளியது அன்று ராத்திரி அவள் சொன்ன விஷயம்தான்.

அவள் பி.டி.எஸ். படித்தது தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில். பெயர் வேண்டாம். 2011, மூன்றாம் வருஷம். அவளுடைய முதல் ஊசியை வாங்கியவர் ஒரு பெரியவர். முதல் பஸ் பிடித்து வந்து, காலை முழுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர். கீழ்க் கடைவாய்ப்பல். கல்லூரி ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை என்பதால் வந்தவர். சீனியர் ஒருவர் "போடு, போடு, வரிசை நிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

முதல் ஊசி பிடிக்கவில்லை. இரண்டாவதில் பெரியவரின் கால் ஒரு உதறு உதறியது. அவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கை நடுங்குதே தாயி, புதுசா?" என்று கேட்டார். இவள் "இல்லை தாத்தா" என்றாள். "பரவால்ல, நீ பாட்டுக்குப் போடு" என்று மறுபடி வாயைத் திறந்தார். மூன்றாவது ஊசியில் மரத்தது. பல் வந்தது. பெரியவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அவருக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சுதான் கேட்டார்" என்றாள் என் மனைவி. எட்டு வருஷம் கழித்து அன்று வகுப்புத் தோழன் போட்ட ஊசியில் அவள் நாக்கில் கரண்ட் அடித்தது. அந்த உதறல் என்ன என்று அப்போதுதான் தெரிந்ததாம். பொய் சொன்னது பற்றி அவள் அதற்கு முன்னால் யாரிடமும் பேசியதில்லை.

அந்த வகுப்புத் தோழனுக்கு, தனக்கு ஊசி போடப்போகிறவள் யார், எத்தனை அனுபவம், என்னென்ன தப்பாகப் போகலாம், எல்லாம் எழுத்தில் கொடுத்திருந்தார்கள். பெரியவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மாட்டேன் என்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் சொல்லவில்லையே.

2022இல் ஊர் திரும்பினோம். இப்போது அவளுக்கு ஒரு கிளினிக் இருக்கிறது. படித்து முடித்த ஜூனியர் டாக்டர்கள் வந்து சேருவார்கள். போன வருஷம் என் கீழ் ஞானப்பல் தகராறு செய்தது. பிடுங்கித்தான் ஆக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தேன். கையுறையோடு வந்து நின்றது என் மனைவி இல்லை, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்.

"சார், இந்த ஊசி இதுவரை ஒரு முப்பது பேருக்குப் போட்டிருக்கேன். அதுல ஏழெட்டு பேருக்கு முதல் தடவை பிடிக்கலை. நான் போடலாமா, இல்ல மேடத்தைக் கூப்பிடட்டுமா?"

கிளினிக்கில் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்பது என் மனைவி வைத்திருக்கிற சட்டம். எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கணக்குப் போட்டது. முப்பதில் எட்டு என்றால் 27 சதவீதம், புத்தகத்தில் இருப்பதைவிட அதிகம். ஹால்ஸ்டெட், ஹில்டெபிராண்ட், அந்த நியூயார்க் மாணவன் என்று இவ்வளவு படித்தவன், மேடம் எங்கே என்று கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வாயைத் திறந்தேன்.

முதல் ஊசி பிடிக்கவில்லை. "இன்னொண்ணு போடணும் சார், ஸாரி" என்றாள். போட்டாள்.